நாலாவது பாட்டு யாருடையது?

மூன்றாவது பாட்டு முடிந்தது. நாலாவது பாட்டுக்கு முன்னால் வரும் ஆர்மோனியம் ஒரு மூச்சு இழுத்தது. அப்புறம் பிளேயருக்குள் பல்லி புகுந்துகொண்டதுபோல டிக் டிக்கென்று சத்தம் வர ஆரம்பித்தது. பாட்டு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, பள்ளிகொண்டாவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் ஃபேனுக்குக் கீழே இடம் பிடித்திருந்தோம். கதவைச் சாத்தியும் ஹைவே லாரிகளின் ஹாரன் உள்ளே வந்துகொண்டிருந்தது. கறிக்குழம்பு வாசனை கையை விட்டுப் போகவில்லை. (போன வாரம் இதே ஃபேனைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, மாற்றிவிட்டீர்களா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. இன்னும் அதேதான், அதே கிறீச்சும்கூட.)

அப்பா எழுந்தார். சிடியை விளிம்பில் பிடித்து வெளியே எடுத்தார். டி.வி.க்குப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கும் ஆட்டுத்தோல் துண்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு மெல்லத் துடைத்தார். ஷூவுக்கு உள்பக்கம் ஒட்டுகிற லைனிங் தோல் அது. குழந்தை கன்னம் மாதிரி இருக்கும். கம்பெனியில் கீழே விழுந்து கிடந்த அந்தத் துண்டுக்குக்கூட சூப்பர்வைசரிடம் கேட் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு வந்தவர் அப்பா.

மறுபடி போட்டார். மறுபடி பல்லி.

எஸ்தர் அத்தை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் தங்கை. விரிஞ்சிபுரத்தில் வீடு, வேலூரில் ஆஸ்பத்திரி வேலை.

"டேனி, இத போன்ல ஏத்த முடியாதா?" என்றார்.

"கம்ப்யூட்டர் இருந்தா அஞ்சு நிமிஷ வேல, அத்த."

அப்பா தோல் துண்டை மடித்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அது காப்பி."

அவ்வளவுதான். சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா, பேச்சு எங்கே போகும் என்று தெரிந்தவர்போல உள்ளே திரும்பிவிட்டார்.

அந்தக் குரல்

அந்த சிடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். அப்பா, அத்தை எல்லாம் இளவயதில் இருந்தபோது எங்கள் சபைப் பாடகர் குழு கிறிஸ்துமஸுக்குப் பாடிய பாட்டுகள். வேலூரில் ஒரு சின்ன கேசட் கம்பெனி அதைப் பதிவு செய்து, முதலில் கேசட்டாகவும் பிறகு சிடியாகவும் விற்றது. நாலாவது பாட்டு, குளிரில் ஆடு காத்தவர்களைப் பற்றியது. அதில் அத்தை மட்டும் தனியாகப் பாடுவார். மற்றவர்கள் கடைசியில் வந்து சேர்ந்துகொள்வார்கள்.

அதற்குப் பிறகு அத்தைக்குக் கழுத்தில் ஆபரேஷன் நடந்தது. பிழைத்ததே பெரிது என்றார்கள். குரல் மட்டும் திரும்பவில்லை. இப்போது அத்தை பேசினால் காய்ந்த ஓலையை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். ஆபரேஷன் நடந்தபோது அவர் மகள் ஜெனி தொட்டிலில் இருந்தாள். இப்போது நர்சிங் படிக்கிறாள். அம்மாவுக்குப் பாட வரும் என்று ஊரார் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்; அவள் முன்னால் அந்தப் பாட்டைப் போட அத்தை இதுவரை விட்டதில்லை.

அத்தைக்கென்று கொடுத்த சிடியை வார்டில் ஒரு நோயாளி கேட்டாரென்று கொடுத்துவிட்டார். கடைகளில் கிடையாது. கம்பெனியே கிடையாது. நான் தேடாத இடம் இல்லை. இணையத்திலும் இல்லை. எங்களுக்குத் தெரிந்து உலகத்தில் மிச்சம் இருந்தது அப்பாவுடைய சிடி ஒன்றுதான். அதுவும் ஓரத்தில் பொடுகு மாதிரி உதிர ஆரம்பித்திருந்தது.

"எடுத்துட்டுப் போ எஸ்தரு. எவ்ளோ நாள் வேணா வெச்சுக்கோ. நான் வேணாம்னா சொல்றேன்?" என்றார் அப்பா.

"எதுல போட்டு கேக்கறதுண்ணா? இந்த மிஷினு இப்ப யார் ஊட்ல இருக்குது? உன்னுதே திக்குது."

அப்பா தோல் துண்டை விரித்து மறுபடி மடித்தார்.

"ஜெனிக்கு ஒருவாட்டி கேக்க வெச்சுட்டா போதும். அப்புறம் இது உதிர்ந்து போனா போவட்டும்," என்றார் அத்தை.

கத்தி போட்ட ஜோடிகள்

அப்பா பள்ளிக்கூடம் போகாதவர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஓய்வு பெறும்வரை வேலை. பெயர் வேண்டாம். முதலில் தோல் வெட்டுகிற கட்டிங். கண் மங்கியதும் ரிஜெக்ட் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அங்கே என்ன வேலையென்று எங்கள் பக்கத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காக: வாங்குகிற வெளிநாட்டு பையர் பெயர் போட்ட ஷூவில் தையல் ஒரு நூல் விலகியிருந்தாலும், தோலில் கொசு கடித்த தடம்போல ஒரு புள்ளி இருந்தாலும் அது பாஸாகாது. பாஸாகாததை மலிவாக விற்கக்கூடாது, சும்மாவும் கொடுக்கக்கூடாது. மேல்தோலில் குறுக்காக இரண்டு கீறல் போட வேண்டும். இடது காலுக்கும் வலது காலுக்கும் சேர்த்துத்தான். ஒன்றை மட்டும் வெட்டிவிட்டால், இன்னொரு ஒற்றையைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்துவிடுவார்கள். வெட்டியவற்றைத் தரையில் வரிசையாக அடுக்கி, போட்டோ எடுத்து, பையருக்கு அனுப்புவார்கள். அங்கே ஒருவர் பார்த்துவிட்டு சரி என்ற பிறகுதான் குப்பை வண்டி வரும்.

அந்தக் கீறல்களைப் போட்டது என் அப்பாவின் கை.

பள்ளியில் படிக்கும்போது என் ஷூவின் முன்பக்கம் வாயைப் பிளந்திருந்தது. வெட்டுகிற ஷூவில் ஒன்றைக் கொண்டு வரக்கூடாதா என்று கேட்டேன்.

"அதுல போட்டுருக்கறது நம்ம பேரு இல்ல," என்றார் அப்பா.

"காலுக்கு பேரு படிக்கத் தெரியுமா இன்னா?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டார். அப்பாவே சிரித்துவிட்டார். ஆனால் கொண்டுவரவில்லை.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அதே கம்பெனியில் பேட்டர்ன் மாஸ்டர் ஒருவர். பேட்டர்ன் என்பது தோலின்மேல் வைத்து வெட்டுகிற அட்டை அச்சு. மகளுடைய கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்கு ஒரு ஷூ தைக்க ஆசைப்பட்டு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் அச்செடுத்துவிட்டு, மறுநாள் திருப்பிக் கொண்டுவந்திருக்கிறார். கேட்டில் பிடித்துவிட்டார்கள். வேலை போயிற்று.

அப்பா அவரைத் திட்டியதே இல்லை. நல்ல மனுஷன் என்றுதான் சொல்வார். தோல் அவர் வாங்கியது, நூல் அவருடையது, தைத்தது அவர் கை, அட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்படியென்றால் எதைத்தான் திருடினார் என்று ஒருநாள் கேட்டேன்.

அப்பா, "அந்த ஷூவ," என்றார்.

எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது, புரியாத மாதிரியும் இருந்தது. இன்றைக்கும் அப்படியேதான்.

மாடியில் ஏசி அறை

என் கதை இதைவிடக் குழப்பம். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். வேறொரு ஷூ கம்பெனியில் மாடியில், டிசைன் பிரிவில், கம்ப்யூட்டர் முன்னால் வேலை. பையர் வருவார். பையிலிருந்து ஒரு ஷூவை எடுத்து மேஜைமேல் வைப்பார். அவருடைய ஷூ அல்ல. அவர் ஊரில் ஏதோ கடையில் வாங்கிய, வேறு எவருடைய பெயரோ போட்ட ஷூ. இது மாதிரி வேண்டும், ஆனால் இதுவாக இருக்கக்கூடாது என்பார். நாங்கள் அதை அளந்து, தையலைக் கொஞ்சம் நகர்த்தி, முனையைக் கொஞ்சம் மழுக்கிப் புது மாடல் என்று பெயர் வைப்போம்.

அதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில், ரிஜெக்ட் ஆன ஜோடிகளுக்கு யாரோ கத்தி போட்டுக்கொண்டிருப்பார்.

சேர்ந்த புதிதில் இதை வீட்டில் சொன்னேன். "அந்த ஷூக்காரன் ஒத்துக்கிட்டானா?" என்று அப்பா கேட்டார். அவரை யாரும் கேட்கவில்லை என்றேன். அப்பா சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். படித்தவர்கள் செய்கிற வேலை, ஏதாவது நியாயம் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ. எங்கள் வீட்டில் இது ஒரு தொந்தரவு. சந்தேகம் வந்தால், "நீ படிச்சவன், சொல்லு," என்று என்னைப் பார்ப்பார்கள். நான் படித்த எதிலும் இது இல்லை.

அத்தை கேட்டுவிட்டுப் போனபின் அந்த வாரம் முழுக்க இதே பேச்சாக இருந்தது. ஒருநாள் காலையில் அப்பா சவரம் செய்துகொண்டிருக்கும்போது, நான் காலேஜில் படித்த புத்தகமெல்லாம் ஜெராக்ஸ்தான் என்று சொன்னேன். பரணில் ஸ்பைரல் போட்டு அடுக்கி வைத்திருக்கிறோமே, அதெல்லாம்.

கத்தி கன்னத்தில் நின்றது. "எல்லாமேவா?"

"எல்லாமே. கிளாஸே அப்டித்தான் படிச்சிது."

"பரிட்ச பாஸ் பண்ண இல்ல?"

"பண்ணேன்."

"அப்ப சரி."

"அது சரின்னா, இதுவும் சரிதானப்பா?"

கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "தெரியல," என்றார்.

அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதிகம் கேட்டதில்லை.

பார்சல் பிரியாணி

ஆம்பூர் பஜாரில் இம்தியாஸின் கடை. இப்போது செல்போன் ரிப்பேர். அவனுடைய அத்தா காலத்தில் சிடி கடையாக இருந்தது. முன்பக்கம் கண்ணாடி அலமாரியில் ஒரிஜினல். மேஜைக்கு அடியில், துணியை விலக்கினால் மற்றவை. அப்பா ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் அங்கே போய் ஒரு சிடி வாங்குவார். மின்னுகிற ஸ்டிக்கரை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துத்தான் வாங்குவார். நம்ம கடையில் கண்ணாடி அலமாரியைத் திறக்க வைக்கிற ஒரே ஆள் நீங்கதான் என்று இம்தியாஸின் அத்தா கிண்டல் செய்வாராம்.

இம்தியாஸ் எனக்குப் பள்ளித் தோழன். அவனிடம் போய்ச் சொன்னேன்.

"இதுல இன்னாடா பேஜாரு? உங்கப்பா காசு குடுத்து வாங்கனாரு. அவுருது. பிரியாணிய கடையில சாப்ட்டா இன்னா, பார்சல் கட்டி ஊட்டாண்ட சாப்ட்டா இன்னா?"

எனக்கு அது நன்றாகவே பட்டது. அப்படியே அப்பாவிடம் வந்து சொன்னேன்.

"பார்சல் கட்டினா கடையில இருக்கற தட்டு காலியாவும்," என்றார் அப்பா. "நீ சொல்றதுல தட்டும் ரொம்பி இருக்குது, பார்சலும் ரொம்பி இருக்குது."

அதை அப்படியே இம்தியாஸிடம் கொண்டுபோனேன். "உங்கப்பா வக்கீலாவ வேண்டிய ஆளுடா," என்று மட்டும் சொன்னான்.

சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். சொந்த உபயோகம் என்று ஒரு வார்த்தை இருந்தது. அத்தை கேட்பது யாருடைய சொந்தத்தில் சேரும்? சிடி அப்பாவின் சொந்தம். குரல் அத்தையின் சொந்தம். பாட்டு சபையுடையதா, மூடிப்போன கம்பெனியுடையதா? எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கேட்டேன். அவர் அப்போது அடுத்த ஆராதனைக்கான பாட்டு வரிகளைப் பிரொஜெக்டரில் காட்டுவதற்காக ஒரு புத்தகத்திலிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார். என் கேள்வியைக் கேட்டதும் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜெபிப்போம் தம்பி என்றார்.

ஒன்று மட்டும்

அப்பாவின் மனதை மாற்றியது என் வாதம் எதுவும் இல்லை. அந்த வாரக் கடைசியில் அவரே தனியாக உட்கார்ந்து சிடியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாவது பாட்டும் திக்கியிருக்கிறது.

"சரி, எடு," என்றார் என்னிடம். "ஆனா ஒண்ணு. வாங்கனது ஒண்ணு, இருக்கறதும் ஒண்ணாத்தான் இருக்கணும்."

"ஒண்ணுதான்பா, பென்டிரைவ்ல."

"எஸ்தரு கேட்டா?"

"இங்க வந்து கேக்கட்டும்."

தலையாட்டினார். ஒரு காப்பிக்கு மேல் எடுக்கக்கூடாது என்று சொல்கிறார் என நான் எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து இம்தியாஸ் கடைக்குப் போனேன். மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரின் தூசியைத் தட்டினான். சிடியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். முதல் தடவை படித்து முடித்ததும், ஒவ்வொரு பாட்டின் ஆரம்பத்தையும் போட்டுக் கேட்டோம். நாலாவதில் ஆர்மோனியம், பிறகு அத்தை. சின்ன வயதில் கேட்டது. கடைக்கு வெளியே ஹாரன்களுக்கு நடுவில் அந்தக் குரல் வந்ததும் இம்தியாஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டான். "உங்க அத்தையா இது? நெஜமாவா?"

பென்டிரைவில் போட்டுக் கொடுத்தான். பாட்டுகளின் நீளமெல்லாம் சரியாக இருந்தது. பழைய சிடி, எதற்கும் இன்னொரு வாட்டி மெதுவாக ஓடட்டும், டீ குடித்துவிட்டு வரலாம் என்று சிடியை மறுபடி ஓடவிட்டான். அவனுக்கு அது பழக்கம். டீ குடித்து வந்து சிடியை வாங்கிக்கொண்டு, பஸ் போய்விடுமே என்று ஓடினேன்.

வீட்டில் டி.வி.யில் செருகிக் காட்டினேன். முதல் பாட்டை அப்பா கேட்டார். கரகரப்பு இல்லை, திக்கல் இல்லை. "பாஸு," என்றார். கம்பெனி வார்த்தை.

மறுநாள் காலை பல் துலக்கிவிட்டு வருகிறேன். அப்பா கூடத்தில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய பழைய கட்டிங் கத்தி. செய்தித்தாளில் சிடி. பெயர் அச்சிட்ட பக்கத்தில் குறுக்காக இரண்டு கீறல், ஓரம் முதல் ஓரம் வரை. கீறல் ஓரங்களில் வெள்ளித் தகடு சுருண்டு எழுந்து நின்றது. பக்கத்தில் அட்டை உறை. அதற்கும் இரண்டு கீறல்.

"இன்னாப்பா பண்ண?"

"ரெண்டு இருக்கக் கூடாதில்ல."

நியாயமாக, நிதானமாகச் சொன்னார். தட்டு காலியானால்தான் அது பார்சல். நான் அவருக்குச் சொன்ன பிரியாணிக் கணக்கை அவர் முடித்து வைத்திருந்தார். கோபப்பட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. அழுகை மாதிரி ஏதோ வந்தது, அதற்கும் காரணம் கிடைக்கவில்லை.

"போட்டோ எடு," என்றார்.

போனை எடுத்தேன். உறையையும் சிடியையும் பக்கத்தில் பக்கத்தில், ஜோடியாக நேராக்கி வைத்தார். எடுத்தேன்.

"அனுப்பிடு."

"யாருக்குப்பா?"

"கேசட் கம்பெனிக்கு."

ஜெனி வந்த மத்தியானம்

அன்றைக்கே அத்தை ஜெனியை அழைத்துக்கொண்டு வந்தார். வரும்போதே பூ வைத்து, புடவை கட்டி, ஏதோ விசேஷத்துக்கு வருகிற மாதிரி. சிடி விஷயத்தை அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டார். அத்தை சிரித்தார். "அண்ணன் அப்டித்தான். சின்ன வயசுல மிட்டாய உடைச்சா தூள கூட எண்ணும்."

சாப்பாட்டுக்கு முன்னாடியே போடச் சொன்னார்கள். நேராக நாலாவது பாட்டுக்குப் போனேன்.

ஆர்மோனியம். அத்தையின் குரல். அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. பெரிய குரல் இல்லை. காலையில் குடத்தில் தண்ணீர் ஊற்றும்போது மேலே வரவர சத்தம் மெலியுமே, அப்படி உயரப் போகப்போக மெலிந்துகொண்டே போகும். ஜெனி ஸ்பீக்கரைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடி ஸ்பீக்கரைப் பார்த்தாள். அத்தை மடியில் கையை வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வாயசைத்துக்கொண்டிருந்தார்.

முதல் அடி முடிந்தது. இரண்டாம் அடி தொடங்கியது. சட்டென்று ஒன்றும் இல்லை.

டி.வி. திரையில் நொடி ஓடிக்கொண்டிருந்தது. பாட்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஃபேன் கிறீச்சிட்டது. நான் ரிமோட்டைத் தேடினேன். ஆனால் அத்தையின் உதடுகள் நிற்கவில்லை. அவர் அந்த அமைதிக்குள்ளேயே பாடிக்கொண்டு போனார். நாங்கள் எல்லோரும் அந்த வாயையே பார்த்தோம். பிறகு திடீரென்று மற்ற குரல்கள் சேர்ந்துகொள்ளும் இடம் சத்தமாக வந்தது. அத்தையின் உதடு அந்த நேரத்தில் அதே சொல்லில்தான் இருந்தது.

பாட்டு முடிந்தது.

அப்பாதான் எழுந்தார். அலமாரியில் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்த சிடியை எடுத்து, பிளேயரில் போட்டார். பிளேயர் அதைத் தொடக்கூட மறுத்து வெளியே தள்ளியது. தோல் துண்டால் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடி தள்ளியது.

"ரிஜெக்ட்டத்தான் வெட்டணும்," என்றார். "நான் செக் பண்ணாம பாஸானத வெட்டிட்டேன்."

அத்தை, விடுண்ணா விடுண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜெனி எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள்.

நான் பின்பக்கம் போய் இம்தியாஸுக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ரெண்டாவது வாட்டி மெதுவா ஓட்டனேனே, அது என் சிஸ்டத்துல கீதுடா. நீதான் பஸ்ஸுக்கு ஓடிட்ட," என்றான். நாலாவது பாட்டைப் போட்டு, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தான். இரண்டாம் அடி வந்தது. முழுசாக வந்தது. துணிக்கல்லுக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

யாரைக் கேட்பது

சொன்னால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும், அவர் வெட்டியபோதே இன்னொன்று இருந்தது என்று. சொல்லாமல் எடுத்து வந்து கொடுக்கலாம். பென்டிரைவ் சரியாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிவிடலாம். ஜெனிக்கு அதனால் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் ஒருவர் தன்னுடைய சிடியை இரண்டு கீறல் போட்டு வெட்டியிருக்கிறார். அதற்கு என்ன அர்த்தம் இருந்ததோ, அது போய்விடும் என்று பட்டது.

சொல்லிவிட்டேன். எல்லோர் முன்னாலும்.

அப்பா என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "முழுசா இருக்குதா?" என்று கேட்டார்.

"முழுசா இருக்குதுப்பா. நானே கேட்டேன். எடுத்துட்டு வரட்டுமா?"

"என்னை ஏன்டா கேக்கற? என்னுத நான் வெட்டிட்டேன். அது என்னுது இல்ல."

"அப்ப யார கேக்கறது?"

அப்பா அத்தையின் பக்கம் கையைக் காட்டினார். "பாடனவள கேளு."

அத்தை ஜெனியைப் பார்த்தார். ஜெனி ஜன்னலோரத்திலிருந்து திரும்பியிருந்தாள். அத்தை தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அந்த ஓலைக் குரலில் சொன்னார்:

"எடுத்துட்டு வா டேனி. ஆனா அண்ணன் கையில குடுத்துடாத, வெட்டிடும்."

முதலில் சிரித்தது அம்மா. பிறகு அப்பா.

மறுநாள் அந்தப் பாட்டை விரிஞ்சிபுரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இம்தியாஸ், என் சிஸ்டத்திலிருந்து அழித்துவிட்டேன் என்றான். சொல்லும்போது சிரித்தான். அழித்தானா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஜெனி முழுப்பாட்டையும் கேட்டுவிட்டு, "இவ்ளோ நீளத்துக்கு எங்க மூச்சு வாங்குனம்மா?" என்று மட்டும் கேட்டாள். அத்தை கழுத்துத் தழும்பில் கை வைத்து ஏதோ விளக்கினார். எனக்குப் புரியவில்லை, அவளுக்குப் புரிந்தது.

அப்பா இப்போது சில ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அத்தை வீட்டுக்குப் போகிறார். போய் உட்கார்ந்து, டீ குடித்துவிட்டு, போடலாமா எஸ்தரு என்று கேட்பாராம். அத்தை போடுவாராம். தனக்கு ஒன்று எடுத்துக் கொடு என்று அவர் கேட்டதே இல்லை. மற்ற நாட்களில் வீட்டில் பென்டிரைவில் இருப்பதையே கேட்கிறார். சத்தம் போகிற இடம் வந்ததும் டீ டம்ளரைக் கீழே வைப்பார். திரும்பி வந்ததும் எடுப்பார். நல்லதை வாங்கி வரட்டுமா என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். என்னுது இதுதான் என்றார்.

சரியா தப்பா என்று நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. இம்தியாஸ் அழிக்காமல் வைத்திருந்தது தப்பு என்றால் ஜெனிக்கு அந்தக் குரல் இல்லை. அது சரி என்றால் அப்பா போட்ட இரண்டு கீறலும் வீண். மாடியில் என் மேஜைமேல் இன்றைக்கும் வேறு யாருடையதோ ஒரு ஷூ இருக்கிறது.

வெட்டிய சிடியின் போட்டோ என் போனில்தான் இருக்கிறது. அந்த கேசட் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். அங்கே போய்க் கேட்டேன், அப்படி ஒரு கம்பெனி இருந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா அவ்வப்போது ஞாபகமாகக் கேட்பார், அத அனுப்பிட்டியா என்று.

அட்ரஸ் தேடிக்கொண்டிருக்கிறேன் என்பேன். பொய்யில்லை. தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.